மூடுபனி ஊரில் சவர்க்காரம் செய்வது

"இதுல கெமிக்கல் ஒண்ணும் இல்லதானே?"

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு மேசை போட்டாலும் சரி, ஹட்டனில் போட்டாலும் சரி, கட்டியை எடுத்து முகர்ந்து பார்க்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். "காஸ்டிக் சோடா போட்டுத்தான் செய்யிறோம்" என்று சொன்னதும் கட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பக்கத்து மேசையில் 'நூறு வீதம் இயற்கை' என்று எழுதி வைத்திருப்பார்கள். அங்கே போய் வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கட்டியும் காரத்தில் பிறந்ததுதான். எண்ணெயோடு காரம் சேராமல் சவர்க்காரம் கிடையாது. காஸ்டிக் சோடாதான் அந்தக் காரம். ஆயத்தக் கட்டியை வாங்கி உருக்கி, வாசம் சேர்த்து அச்சில் ஊற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக வேறு யாரோ முன்பே காஸ்டிக்கைத் தொட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எண்ணெயும் காஸ்டிக்கும் சரியான எடையில் சேர்ந்தால் காஸ்டிக் முழுதாகத் தீர்ந்துபோகும். மிஞ்சுவது சவர்க்காரமும் கிளிசரினும். பெரிய தொழிற்சாலைகளில் அந்தக் கிளிசரினைப் பெரும்பாலும் பிரித்தெடுத்து வேறு பொருள்களுக்கு விற்றுவிடுவார்கள். கையால் செய்கிற கட்டியில் அது உள்ளேயே தங்கிவிடும். அதோடு, காரத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு எண்ணெயில் ஒரு பங்கை வேண்டுமென்றே மிச்சம் விடுகிறோம். கையால் செய்த சவர்க்காரத்தின் மெய்யான நன்மை என்று நான் நம்புவது இந்த இரண்டையும்தான். வாசனை எண்ணெய் அதற்கப்புறம் வருகிற சங்கதி. தோலுக்கு இதமா, எரிச்சலா என்பதைத் தீர்மானிப்பது தராசு. 'இயற்கை' என்ற எழுத்துக்கு அதில் வேலை இல்லை.

நான் இதில் இறங்கியது 2022இல். அந்த வருஷத்தை இலங்கையில் யாரும் மறக்கமாட்டார்கள். செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம். குளிக்கிற சவர்க்காரத்தின் விலை ஏறிய வேகத்தில், எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு கட்டியை நூலால் அறுத்து இரண்டு மூன்று வீட்டார் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் தோட்டத்துப் பெண்களுக்குச் சவர்க்காரம் செய்கிற ஒரு பயிற்சி நடந்தது. யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் கொடுத்த தாளில் எல்லாமே கரண்டிக் கணக்கு, கோப்பைக் கணக்கு. 'தேங்காயெண்ணெய் ஒரு லீற்றர், காஸ்டிக் இத்தனை மேசைக்கரண்டி.' அங்கேதான் வில்லங்கம். ஒரு லீற்றர் தேங்காயெண்ணெய் ஒரு கிலோ நிற்காது, 920 கிராம் அளவில்தான் நிற்கும். காஸ்டிக் ஒரு கடையில் தட்டைச் செதிலாக வரும், இன்னொரு கடையில் ஜவ்வரிசி போல உருண்டையாக வரும். கரண்டியில் இரண்டும் ஒரே எடை பிடிக்காது. அந்தத் தாளைப் பார்த்துச் செய்தவர்களில் சிலருக்குக் கை வெடித்தது, சிலருக்குக் கட்டி பிசினாகவே நின்றது. "நமக்கு இது சரிவராது" என்று பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். சமையலறைக்கு விற்கிற ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்திருந்தால் பலர் தொடர்ந்திருப்பார்கள்.

காஸ்டிக் விஷயத்தில் நான் கறார்தான். லயத்துக் காம்பரா 10க்கு 12 அடி. அதிலேயே சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். அப்படியொரு இடத்தில் காஸ்டிக் சோடாவைக் கரைப்பது நடக்கிற காரியமில்லை. வெளியே, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கோ பிள்ளைக் காம்பராவுக்கோ (சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) போன நேரத்தில்தான் செய்ய வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, காலுக்குச் செருப்பில்லை, மூடின சப்பாத்து. தண்ணீரில் காஸ்டிக்கைத் தூவ வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் அடிக்கும். அலுமினியச் சட்டியை அண்டவே விடக்கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரித்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும். நம் வீடுகளில் பாதிப் பாத்திரம் அலுமினியம் என்பதால் இதை இரண்டு தடவை சொல்கிறேன். கண்ணாடிப் பாத்திரமும் சூட்டில் வெடிக்கலாம். எவர்சில்வர் சட்டி, இல்லாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் வாளி.

தோலில் பட்டுவிட்டால் வினாகிரி தேட வேண்டாம். பீலித் தண்ணீரில், அதாவது குழாயில் விழுந்து ஓடுகிற தண்ணீரில், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்டாலும் அதே கழுவல்தான், அப்புறம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. மிச்சக் காஸ்டிக்கைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தாகத்தோடு ஓடி வருகிற பிள்ளை லேபிளைப் படிக்காது.

சுவையான ஒரு சங்கதி: ஒரு காலத்தில் காஸ்டிக் சோடா நம் நாட்டிலேயே, வடக்கே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில், ஆனையிறவு உப்பிலிருந்து தயாரானது. யுத்தத்தில் அது நின்றுபோனது. இப்போது இறக்குமதிதான். டொலர் ஏறினால் எங்கள் கட்டியின் விலையும் ஏறுகிறது.

இனிக் கணக்கு. ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஓர் எண் உண்டு. ஒரு கிராம் தேங்காயெண்ணெயைச் சவர்க்காரமாக்க 0.183 கிராம் காஸ்டிக் தேவை. நல்லெண்ணெய்க்கு 0.133, ஆமணக்கெண்ணெய்க்கு 0.128. நான் வழக்கமாகச் செய்வது தேங்காயெண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 200, ஆமணக்கெண்ணெய் 100. பெருக்கிக் கூட்டினால் 167.5 கிராம் வரும். அதில் 15 வீதத்தைக் கழித்துவிட்டு 142 கிராம் காஸ்டிக் போடுகிறேன். தண்ணீர் அதைப்போல இரண்டு மடங்கு, 285 கிராம். தண்ணீரும் தராசில்தான். வாசனை எண்ணெய் 20 கிராம்.

15 வீதம் ஏன் கழிக்க வேண்டும்? புத்தகங்களில் பொதுவாக 5 வீதம் என்று இருக்கும். அது ஒலிவ் எண்ணெயை முதலாகப் போட்டுச் செய்கிறவர்களுக்கு. ஒலிவ் எண்ணெய் இங்கே வாங்கிக் கட்டுபடியாகாது. பாம் எண்ணெய் என்றால் 2021 ஏப்ரலில் இறக்குமதிக்குத் தடை வந்ததிலிருந்து இன்றைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. நமக்கு வாய்த்தது தேங்காய். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் நுரைக்கும், அழுக்கையும் நன்றாக எடுக்கும். தோலில் இருக்கிற எண்ணெய்ப்பசையையும் சேர்த்து எடுத்துவிடும். குளிரில் ஏற்கெனவே வெடித்துக் கிடக்கிற கால்களுக்கு அது ஆகாது. அதனால்தான் மிச்ச எண்ணெயைக் கூடுதலாக விடுகிறேன். நல்லெண்ணெயை 200க்கு மேல் கூட்டினால் கட்டி இளகும், சில மாதத்தில் செம்மஞ்சள் புள்ளி விழுந்து சிக்கு வாடை அடிக்கும். ஆமணக்கு நுரையை நிறுத்திப் பிடிக்கும். அதுவும் கூடினால் பிசுபிசுப்பு.

இந்தக் கணக்கை எந்த ஊரிலும் போடலாம். மலையகத்தில் செய்கிறவருக்குத் தனியாக வருகிற தொல்லைகளை எந்தத் தாளும் எங்களுக்குச் சொல்லவில்லை.

முதலாவது, எண்ணெய் உறைவது. தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே கட்டியாகிவிடும். ஹட்டன் 1200 மீற்றருக்கு மேலே இருக்கிறது, நுவரெலியா 1868 மீற்றர். எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெயை வருஷத்தில் பெரும்பாலான நாள் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்கிறோம். உருக்கிய எண்ணெயைக் கை பொறுக்கிற சூட்டில், 40 பாகைக்குக் கொஞ்சம் மேலே, காஸ்டிக் கரைசலோடு சேர்க்க வேண்டும். கரைசலும் அதே சூட்டுக்கு ஆறியிருக்க வேண்டும். எண்ணெய் இதைவிட ஆறிப்போனால், கலக்கும்போது குழம்பு தானாகவே கெட்டியாகும். சவர்க்காரம் ஆகிவிட்டது என்று நினைத்து அச்சில் ஊற்றுவார்கள். உண்மையில் எண்ணெய் உறைந்ததுதான் அந்தக் கெட்டி. உள்ளே காஸ்டிக் தனியாக நிற்கும், மறுநாள் கட்டியின் அடியில் தண்ணீர் கசியும். சரியான பதத்தை ட்ரேஸ் என்பார்கள். கரண்டியைத் தூக்கிச் சிந்தவிட்டால் விழுந்த கோடு அழியாமல் மேலே நிற்கும். சந்தேகம் வந்தால் சட்டியை வெந்நீரில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கிப் பாருங்கள். இளகித் தண்ணீராக ஓடினால் அது பொய்ப் பதம்.

இரண்டாவது, அச்சில் ஊற்றிய பிறகு வருகிற குளிர். எண்ணெயும் காரமும் சேரும்போது அச்சுக்குள்ளே தானாகவே சூடு பிறக்கும். கொழும்பில் அது தானே ஓடி முடியும். இங்கே வெளிக்குளிர் ஓரத்துச் சூட்டை உறிஞ்சிவிடும், நடுவில் மட்டும் சூடு நிற்கும். அறுத்துப் பார்த்தால் நடுவில் கருத்த வட்டம், சுற்றிலும் வெளிறிய ஓரம். கெட்டுப்போகவில்லை, பார்வைக்குத்தான் அழகில்லை. ஆனால் விற்கிறவருக்கு அழகும் வேண்டுமே. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போன காலத்துக் கம்பளி ஒன்று வீட்டில் இருந்தது. அச்சை அதில் சுற்றி ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கிறேன். முழுக்கட்டியும் ஒரே நிறத்தில் வருகிறது. மேலே வெள்ளை மாவு படிகிற தொல்லையும் குறைந்தது. அந்த மாவு, காற்றிலுள்ள கரியமில வாயு காரத்தோடு சேர்ந்து உண்டாகிற சோடா உப்பு. கெடுதல் இல்லை, ஆவி காட்டித் துடைத்தால் போய்விடும். தேங்காயெண்ணெய் கூடுதலான கட்டி சீக்கிரம் இறுகும். விட்டுவிட்டு மறுநாள் மத்தியானம் கத்தி வைத்தால் உதிரும். காலையில் ஊற்றினால் அன்று இரவே தொட்டுப் பார்த்து அறுத்துவிடுகிறேன்.

மூன்றாவது, மூடுபனி. மற்ற இரண்டையும் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

அறுத்த கட்டியை நாலிலிருந்து ஆறு வாரம் காயவிட வேண்டும் என்பது பொது விதி. மே, ஜூன் மாதங்களில் எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் சுவரே வியர்க்கும். கிளிசரின் ஈரத்தை இழுக்கிற பொருள். அது நிறைய இருக்கிற கட்டி மூடுபனியைக் குடித்துக் குடித்து மேலே முத்து முத்தாகத் துளிக்கும். பார்க்கிறவர் எண்ணெய் கக்குகிறது என்று நினைப்பார். அடுப்பு மேலே பரணில் வைக்கலாம் என்று மதினி சொன்னாள். வைத்தோம். விறகுப் புகை மூன்றாம் நாளே உள்ளே இறங்கி, கறுவா வாசத்தை எல்லாம் கருவாட்டு வாசமாக்கிவிட்டது. வெயில் நல்ல வழியில்லை, வாசனை எண்ணெயை அது பறக்கடிக்கும். கடைசியில் வழி காட்டியது தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை செய்த அப்பாதான். கொழுந்து வாட்டும்போது சூட்டைவிடக் காற்றுத்தான் வேலை செய்யும், அடியிலிருந்து மேலே காற்று போக வேண்டும் என்றார். கம்பி வலைத் தட்டில் கட்டிக்குக் கட்டி விரல் இடைவெளி விட்டு அடுக்கி, கீழே ஒரு சின்ன மேசை விசிறி. மழைக்காலத்தில் அறையின் கதவைச் சாத்திவிட்டு விசிறியை ஓட விடுகிறேன். பனி பிடித்த நாளில் சன்னலைத் திறந்தால் ஈரத்தைக் கூப்பிட்டு உள்ளே விடுவதாகிவிடும்.

வாரக் கணக்கை நம்புவதையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு கட்டிக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, கிழமைக்கு ஒரு தடவை நிறுக்கிறேன். எடை இறங்குவது நின்றால் காய்ந்தது. பங்குனி வெயிலில் அது சீக்கிரம் வரும், ஆடி மழையில் இரண்டு மாதமும் ஆகலாம். காஸ்டிக் பையும் இதே மூடுபனியைத்தான் குடிக்கிறது. வாய் திறந்து வைத்த செதில் ஈரமாகிக் கனத்துவிடும். அப்போது தராசு 142 காட்டும், அதில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கும். கட்டி இறுகவே இறுகாது. அதனால் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் போத்தலில் பூட்டி வையுங்கள்.

சரி, வாசனை எண்ணெய்க்கு வருவோம். மக்களுக்கு அதுதானே பிடிக்கிறது.

செடியின் வாசத்தை ஆவியில் பிரித்து எடுப்பதுதான் பெரும்பாலும் முறை. இலையையோ பூவையோ பட்டையையோ பாத்திரத்தில் அடைத்து அடியில் ஆவி விடுவார்கள். ஆவி வாசத்தை ஏற்றிக்கொண்டு குளிர்ந்த குழாய் வழியே இறங்கித் தண்ணீராகும், பெரும்பாலும் எண்ணெய் மேலே மிதக்கும். எவ்வளவு கிடைக்கும் என்பது செடிக்குச் செடி வித்தியாசம். கராம்பு மொட்டு நூறு கிலோவில் 15 கிலோ வரைக்கும்கூடக் கொடுக்கும். பெங்கிரிப் புல் (சிட்ரொனெல்லா) ஒரு கிலோவுக்குள் நின்றுவிடும். ரோஜா எண்ணெய் ஒரு கிலோ வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான கிலோ இதழ் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள். ரோஜா, மல்லிகை, சந்தனம், பெங்கிரி எல்லாம் ஒரே அளவுப் போத்தலில் ஒரே விலைக்கு அடுக்கி வைத்திருந்தால் அது செயற்கை வாசனைத் திரவியம். மல்லிகைப் பூவை ஆவியில் வைத்தால் வாசமே கெட்டுவிடும், அதைக் கரைப்பானில்தான் எடுக்கிறார்கள். ஆவியில் வடித்த மலிவான மல்லிகை எண்ணெய் என்று ஒன்று கிடையாது. கண்டிக்குப் போகிற வழியிலும் மாத்தளைப் பக்கமும் உள்ள வாசனைத் திரவியத் தோட்டங்கள் சிலவற்றில், சுருக்கத்துக்கு இது, முடி முளைக்க இது என்று வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லி விற்கிற பேச்சைக் கேட்டால் எனக்கே ஒரு போத்தல் வாங்கத் தோன்றும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை: வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு மறுநாள் பாருங்கள். பெங்கிரி, யூகலிப்டஸ் போன்ற மெல்லிய எண்ணெய்கள் சுவடில்லாமல் பறந்திருக்கும். எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறார்கள். செயற்கை வாசத்தை இந்தச் சோதனை பிடிக்காது, அதற்கு மூக்கும் விலையும்தான். தாவரத்தின் விஞ்ஞானப் பெயர் போத்தலில் இருக்கிறதா என்று பாருங்கள். கறுவா என்றால் இலை எண்ணெயா, பட்டை எண்ணெயா என்று கேளுங்கள். இரண்டும் ஒரே மரத்திலிருந்து வந்தாலும் குணம் வேறு. இலையில் இருப்பது பெரும்பாலும் யூஜினோல், கராம்பில் இருப்பதும் அதுதான். பட்டையில் இருப்பது சினமல்டிகைட். அது தோலைக் கடுமையாக எரிக்கும், சிலருக்கு ஆயுசுக்கும் ஒவ்வாமையாகிவிடும். பட்டை எண்ணெயை நான் சவர்க்காரத்தில் போடுவதே இல்லை. இலை எண்ணெயோ கராம்போ என்றால் ஒரு கிலோ எண்ணெய்க்கு 5 கிராமுக்கு மேல் போகமாட்டேன். யூஜினோலுக்கு இன்னொரு குணமும் உண்டு: குழம்பில் விட்ட நிமிஷத்தில் எல்லாம் இறுகிவிடும், கரண்டி அப்படியே நட்டுக்கொண்டு நிற்கும். கராம்பைக் கடைசியில், குழம்பைக் கலக்குகிற பிளெண்டரை நிறுத்திவிட்டு, கொஞ்சம் எண்ணெயில் கரைத்துக் கையால் கலக்கி உடனே அச்சில் ஊற்ற வேண்டும். கட்டி நாளாக ஆகப் பழுப்பேறும். தோடம்பழம், எலுமிச்சை வாசங்கள் காயும் முன்பே பறந்துவிடும், காசு வீண். அந்தப் புளிப்பு வாசம் வேண்டுமென்றால் கறிக்குப் போடுகிற சேரை, அதாவது எலுமிச்சம்புல் எண்ணெய் நிற்கும். கட்டிக்கு ஓர் இளமஞ்சளும் கொடுக்கும்.

எனக்குப் பிடித்தது பெங்கிரி. தெற்கே மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் காலங்காலமாக வடிக்கிறார்கள். சிட்ரொனெல்லா என்று உலகம் அறிந்த எண்ணெய்க்கு ஒரு காலத்தில் இலங்கைதான் முதல் இடம். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில், மறுபடி கன்று நடுவதற்கு முன் மண்ணைத் தேற்ற மானாப்புல் வளர்ப்பார்களே, அதற்குச் சொந்தக்காரப் புல்தான் பெங்கிரியும். மானாப்புல்லைக் கசக்கி முகர்ந்தவர்களுக்கு இந்த வாசம் புதிதாக இருக்காது.

பெங்கிரியில் நான் தனியாக ஒரு கட்டி செய்கிறேன், காலில் ஏறுகிற அட்டைப்பூச்சிக்காக, பெயரே அட்டைக் கட்டி. மழைக்காலத்தில் கொழுந்துக்குப் போகிறவர்கள் காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போவது பழைய வழக்கம். அம்மாவும் அப்படித்தான். காரமும் வழுவழுப்பும் அட்டைக்குப் பிடிக்காது. ஆனால் நாள் முழுக்கக் காரம் காலில் ஊறினால் தோல் வறண்டு வெடிக்கும். அம்மாவின் கெண்டைக்காலைப் பார்த்தால் தெரியும். அதனால் வாங்குகிறவர்களிடம், தோலில் வேண்டாம், காலுறையின் வெளிப்பக்கத்திலும் சப்பாத்தின் விளிம்பிலும் உலர்ந்த கட்டியைத் தேயுங்கள் என்கிறேன். பலத்த மழையில் கரைந்துவிடும், பத்து மணித் தேத்தண்ணிக்கு நிற்கும்போது இன்னொரு தடவை தேய்க்க வேண்டும். அட்டை ஒன்றுகூட ஏறாது என்று நான் சொன்னதில்லை. குறைகிறது என்று கொழுந்தெடுக்கிற அக்காமார் சொல்கிறார்கள், திரும்ப வந்து வாங்குகிறார்கள். நுளம்புக்கும் பெங்கிரி கொஞ்ச நேரம் உதவும். ஆனால் குளித்துக் கழுவிவிட்ட சவர்க்காரம் நுளம்பை விரட்டாது.

வாசனை எண்ணெயின் நன்மைகளைப் பேசும்போது எல்லாரும் மறப்பது இந்தக் கழுவுகிற விஷயத்தைத்தான். தேயிலைமர எண்ணெய் என்று அவுஸ்திரேலியாவிலிருந்து ஒன்று வருகிறது. டீ ட்ரீ என்பார்கள். நம் தேயிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 5 வீதம் கலந்த ஜெல் முகப்பருவைக் கொஞ்சம் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது தோலில் பூசி விடுகிற ஜெல். அரை நிமிஷத்தில் கழுவிவிடுகிற சவர்க்காரத்தில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. சவர்க்காரத்தில் வாசனை எண்ணெய் கொடுப்பது வாசம். அதுவே சின்னக் காரியமில்லை. விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதிவதற்கு) முன்னால், பீலியில் ஐஸ் மாதிரி விழுகிற தண்ணீரில் முகம் கழுவுகிறவருக்கு யூகலிப்டஸ் வாசம் மூக்கைத் திறந்துவிட்டது போல இருக்கும். போதும்.

தோலில் விட்டுவைக்கிற தைலம் என்றால் பலனும் கூடும், ஆபத்தும் கூடும். அம்மாவுக்கு முழங்காலில் தேய்க்க விண்டர்கிரீன் எண்ணெய் வாங்குவேன். அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், வலித் தைலங்களில் இருக்கிற அதே சரக்கு, அஸ்பிரின் குடும்பம். 100 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் 2 மில்லிலீற்றர் மட்டும் கலந்து, வெடிப்பில்லாத தோலில் தேய்க்கிறாள். இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் குடிக்கிறவர்கள் அதைத் தொடவே கூடாது. அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் அப்படியே. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், 7 கிராம் அஸ்பிரினுக்குச் சமம். சின்னப் பிள்ளை குடித்தால் உயிருக்கே ஆபத்து. யூகலிப்டஸ் எண்ணெயும் குடித்தால் வலிப்பு வரவைக்கும். சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்கில் தடவுகிற பாட்டிமாரோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். எந்த எண்ணெயையும் கலக்காமல் நேராகத் தோலில் விடாதீர்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்கள் கிளினிக்கில் கேட்காமல் எதையும் பூச வேண்டாம். பழைய போத்தலும் நல்லதல்ல. காற்றுப் பட்டுப் பட்டு எண்ணெய் மாறி, நல்லாயிருந்த தோலிலும் அரிப்பைக் கிளப்பும். கருநிறப் போத்தல், இறுகிய மூடி, நிழல். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மலையகக் குளிர் நமக்கு உதவி.

அடுத்தது தேயிலைச் சவர்க்காரம். சுற்றுலா வருகிறவர்கள் கேட்பது அதைத்தான், எனக்கு அதிகம் விற்பதும் அதுதான். தோலுக்கு அதனால் பெரிய நன்மை உண்டு என்று நான் நம்பவில்லை. காரத்தில் தேயிலைச் சாயம் கருத்துவிடும், பச்சைத் தேயிலைத் தூளைப் போட்டாலும் சில நாளில் மண் நிறம்தான். தூளை அப்படியே போட்டால் தோலைக் கீறும், மிக்ஸியில் மாவாக்கிப் போட வேண்டும். எல்ல என்ற ஊரில் தங்குமிடம் நடத்துகிற ஒரு அண்ணன், "தங்கச்சி, மேலே ரெண்டு இலையும் ஒரு மொட்டும் ஒட்டி வைங்க, விலையைக் கூட்டலாம்" என்றார். ஒட்டினேன். கூடியது.

விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கையால் செய்த கட்டி ஒன்று, கடைச் சவர்க்காரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்த நாளில் கொழுந்தெடுக்கிற ஒருத்தி அதை வாங்குவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாசம் போடாத, வளைந்த ஓரத்துத் துண்டுகளை எடைக்கு லயத்துக்குள்ளேயே கொடுத்துவிடுகிறேன். கழுவுகிற வேலையில் அதற்கும் பூ ஒட்டிய கட்டிக்கும் வித்தியாசமில்லை. லேபிளில் எண்ணெய்களின் பெயர், வாசனை எண்ணெயின் பெயர், அறுத்த தேதி, காய்ந்த பிறகு நிறுத்த எடை. 'மருந்து', 'குணமாக்கும்', 'வெள்ளையாக்கும்' என்ற சொற்கள் இல்லை. பிள்ளையின் எக்ஸிமாவுக்கு ஒரு கட்டி கேட்டு வந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினேன். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சவர்க்காரத்தின் பி.எச். 9க்கும் 10க்கும் இடையில் இருக்கும், தோலுக்கு 5 போலத்தான். வெந்த தோலுக்கு அது தாங்காது. மற்றவர்களும் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம்.

யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டுப் போன சின்னம்மா மகள் ஒருத்தி இருக்கிறாள். கட்டி அனுப்பினால், "அக்கா, நுரையே வருதில்ல, வாளியில ஆடை மாதிரி படியுது" என்று போனில் குறை. கட்டி ஒன்றுதான், தண்ணீர் வேறு. எங்கள் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் தேய்த்தாலே நுரைத்துத் தள்ளும். அங்கே சுண்ணாம்புக்கல்லில் ஊறிய கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து சவர்க்காரத்தைப் பிடித்துக் கரையாத பொருக்காக்கிவிடும். அங்கே அனுப்புகிற ஈட்டில் இப்போது ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 கிராம் சிற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் முதலில் கரைத்து, அது தின்றுவிடுகிற காஸ்டிக்குக்காக 6 கிராம் கூட்டிப் போடுகிறேன். பொருக்கு குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள் என்று சொன்னேன். "இங்க மழை எங்கக்கா பெய்யுது, உங்க ஊர்லதான் வேணாம் வேணாங்கிற அளவுக்குப் பெய்யுதே" என்றாள். அடுத்த பார்சலில் கராம்பு வேண்டாமாம், பெங்கிரி மட்டும் போதுமாம்.